உடம்பு போடும் குதிரைக்கு எந்தப் புல், எவ்வளவு?

கேட்கப்பட்டது இது: ஈரோடு பக்கத்துத் தோட்டம் ஒன்றில் ஆறு வயது கத்தியவாரிக் கலப்புக் குதிரை. அந்தியூர் சந்தையில் வாங்கியது. வாரத்தில் ஒரு நாள்தான் சவாரி. கோ-4 புல் (கம்பு நேப்பியர் ஒட்டுப்புல்) வேண்டிய மட்டும், காலையும் மாலையும் ஒவ்வொரு கிலோ கொள்ளு, தவிட்டுத் தண்ணீர், அவ்வப்போது ஒரு உருண்டை வெல்லம். இப்போது பிடரி தடித்துவிட்டது, விலா எலும்பு கைக்குத் தட்டுப்படவில்லை. புல்லைப் பாதியாகக் குறைத்துப் பார்த்தால் இரவெல்லாம் கட்டுத்தறி மரத்தைக் கடிக்கிறது. கலோரி குறைந்த தீவனம் எது, எவ்வளவு போடலாம்?

முதலில், குறைத்த புல்லை இன்றே பழையபடி கூட்டிவிடுங்கள். குதிரையின் இரைப்பை தீனி வந்தாலும் வராவிட்டாலும் நாள் முழுக்க அமிலம் சுரந்துகொண்டே இருக்கும். அதைத் தணிப்பது மெல்லும்போது ஊறும் எச்சிலும் வயிற்றில் கிடக்கும் நாரும்தான். ஐந்தாறு மணி நேரத்துக்கு மேல் வாய் சும்மா இருந்தால் இரைப்பையில் புண் வரும் வாய்ப்பு கூடிவிடும். மரத்தைக் கடிப்பது அது படும் அவதியின் அடையாளம், அதைச் சேட்டை என்று நினைக்க வேண்டாம். இன்னொரு ஆபத்தும் உண்டு. கொழுத்த மட்டக்குதிரையையோ கழுதையையோ திடீரென்று பட்டினி போட்டால், உடம்பில் சேர்ந்த கொழுப்பு மொத்தமாக ரத்தத்தில் இறங்கி ஈரலை அடைத்துவிடும். அப்படிச் சில நாளிலேயே இறந்துபோகும் கால்நடைகள் உண்டு. கலப்புக் குதிரைக்கும் இந்த ஆபத்து இல்லாமல் இல்லை. ஆகவே குறைக்க வேண்டியது ஒவ்வொரு வாயிலும் உள்ள சத்தை. மெல்லும் நேரத்தைக் குறைக்கக் கூடாது. இனிச் சொல்வதெல்லாம் இதை ஒட்டித்தான்.

புல்லைக் கூட்டும்போதே நிறுத்தத் தொடங்க வேண்டியவை கொள்ளு, தவிடு, வெல்லம் மூன்றும். 290 கிலோ எடையில் இருக்க வேண்டிய, வேலை இல்லாத ஒரு குதிரைக்கு ஒரு நாளைக்குத் தேவையான சக்தியில் பாதிக்கு மேல் அந்த 2 கிலோ கொள்ளிலேயே வந்துவிடுகிறது. அதற்கு மேல்தான் அது தின்னும் புல் அத்தனையும். கொள்ளு கெட்ட தீவனம் என்று சொல்லவில்லை. தினமும் வண்டி இழுத்த குதிரைக்கும் படைக்குதிரைக்கும் அது பொருத்தமாக இருந்தது. வாரம் ஒரு நாள் ஓடும் குதிரைக்கு அதற்கு வேலையே இல்லை. வெறும் தொட்டியைப் பார்த்து அது கனைக்கும், உங்களுக்கும் மனசு கேட்காது. ஒரு கைப்பிடி காய்ந்த புல்லில் தாது உப்பைக் கலந்து அதே நேரத்துக்கு அதே தொட்டியில் வையுங்கள், பழக்கம் விட்டுப் போகாமல் இருக்கும்.

அடுத்து, புல்லை மாற்றுவதற்கு முன் குளம்பைப் பாருங்கள். உடம்பு போட்ட குதிரையிடம் நாம் பயப்பட வேண்டியது லாமினைடிஸுக்கு, அதாவது குளம்புக்குள் எலும்பைப் பிடித்து நிறுத்தும் மென்திசு அழன்று போவதற்கு. பிடரி கல் போல இறுகியிருந்தால் இன்சுலின் கோளாறு இருக்கக்கூடும். அப்படிப்பட்ட குதிரையின் தீவனத்தில் சர்க்கரையும் மாவுச்சத்தும் ஏறும்போது இன்சுலின் அளவுக்கு மீறிச் சுரந்து, அதுவே குளம்பைத் தாக்குகிறது. முன்னங்குளம்பு இரண்டும் சூடாக இருக்கிறதா, கணுக்காலின் பின்பக்கம் விரல் வைத்தால் நாடி துள்ளுகிறதா, குளம்பின் சுவரில் உள்ள வளையக் கோடுகள் முன்னால் நெருங்கியும் குதிகாலில் அகன்றும் போகின்றனவா என்று பாருங்கள். கெட்டியான தரையில் திரும்பும்போது தயங்குவதும், உடல் பாரத்தைப் பின்னங்காலில் போட்டு நிற்பதும் இருந்தால் இந்தப் பதிலை மூடி வைத்துவிட்டு மருத்துவரைக் கூப்பிடுங்கள். அந்த நிலையில் நடக்க வைத்துக் கொழுப்பைக் கரைக்கப் பார்ப்பது கொடுமை.

சரி, குளம்பு நன்றாக இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். எடை தெரியாமல் தீவனம் அளக்க முடியாது. எடைமேடை வேண்டியதில்லை, தையல்காரரின் டேப் போதும். முன்னங்காலுக்குப் பின்னால் நெஞ்சைச் சுற்றி ஓர் அளவு, தோள் முனையிலிருந்து பின்பக்க இடுப்பு எலும்பின் முனை வரை ஓர் அளவு, இரண்டும் சென்டிமீட்டரில். நெஞ்சளவை அதே எண்ணால் பெருக்கி, அதை நீளத்தால் பெருக்கி, 11,880-ஆல் வகுத்தால் எடை கிலோவில் வரும். நெஞ்சளவு 160, நீளம் 150 என்றால் சுமார் 323 கிலோ. கொஞ்சம் முன்னே பின்னே இருக்கலாம். ஆனால் ஒரே ஆள் ஒரே இடத்தில் அளந்துகொண்டே வந்தால் ஏறுகிறதா இறங்குகிறதா என்பது தெரிந்துவிடும். கூடவே கொழுப்பைக் கையால் தடவிப் பார்ப்பதும் வேண்டும். 1983-இல் டெக்சாஸில் ஹென்னகி என்ற ஆய்வாளர் வகுத்த 1 முதல் 9 வரையிலான மதிப்பெண்ணை இன்றும் பல நாடுகளில் பயன்படுத்துகிறார்கள். 5 என்றால் விலா கண்ணுக்குத் தெரியாது, ஆனால் கைக்கு எளிதாகத் தட்டுப்படும். நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் உங்கள் குதிரை 7-க்கும் 8-க்கும் நடுவில் இருக்கும்.

இந்தக் குதிரை 290 கிலோவில் நிற்க வேண்டும் என்று கொள்வோம். இளைக்க வைக்கும் காலத்தில், இருக்க வேண்டிய எடையில் 1.5 சதவீதம் உலர் எடையாகத் தீவனம் கொடுக்கலாம். அதாவது நாளுக்குச் சுமார் 4.35 கிலோ. மருத்துவர் மேற்பார்வை இல்லாமல் இதற்குக் கீழே போகக் கூடாது. உலர் எடை என்றால் தண்ணீரை நீக்கிய எடை. நன்றாகக் காய்ந்த புல்லில் பத்தில் ஒரு பங்குதான் தண்ணீர், அதனால் 4.35 கிலோ என்பது கிட்டத்தட்ட 4.8 கிலோ காய்ந்த புல். பச்சைக் கோ-4 புல்லில் ஐந்தில் நான்கு பங்கு தண்ணீர், அதே அளவுக்கு 21 அல்லது 22 கிலோ வெட்டிப் போட வேண்டும். பசும்புல் ஒரு கட்டு போட்டோம், இரண்டு கட்டு போட்டோம் என்று கண்ணளவில் சொல்பவர்கள் ஒரு முறை தராசில் வைத்துப் பார்ப்பது நல்லது. கணக்கு எங்கே தப்புகிறது என்று உடனே புரியும்.

இப்போது முக்கியமான விஷயம், எந்தப் புல். குளிர்நாட்டுக் குதிரைக்காரர்கள் எழுதும் ஆலோசனைகளில் பாதி நமக்குப் பொருந்தாது. அவர்கள் மேய்ச்சல் நிலத்தில் இருக்கும் ரை போன்ற புல்வகைகள் சர்க்கரையை வேறு விதமாக, வரம்பில்லாமல் சேர்த்து வைப்பவை. நம் வெப்பநாட்டுப் புல்வகைகளில் பொதுவாக அந்த அளவு சர்க்கரை சேராது. அந்த வகையில் நமக்கு அதிர்ஷ்டம். ஆனால் நம் புல்லில் வேறொரு சிக்கல் ஒளிந்திருக்கிறது. அதன் பெயர் ஆக்சலேட், கால்சியத்தை உடம்புக்குக் கிடைக்காமல் கட்டிப் பிடிக்கும் ஒரு பொருள்.

கோ-4, கோ-5 போன்ற கம்பு நேப்பியர் ஒட்டுப்புல், கினியா புல், காங்கேயம் பக்கத்துக் கொரங்காட்டு மேய்ச்சல் நிலங்களில் வளரும் கொழுக்கட்டைப் புல், நீலகிரியில் பரவிக் கிடக்கும் கிக்குயு புல் எல்லாவற்றிலும் ஆக்சலேட் கணிசமாக உண்டு. குதிரைக்கு உலர் எடையில் 0.5 சதவீதத்தைத் தாண்டினாலே கவனம் வேண்டும் என்பது பொது வழக்கு. நேப்பியரில் அது 2 சதவீதத்துக்கு மேல் போவது சாதாரணம். மாட்டுக்கு இது பெரிதாகப் படாது. மாட்டின் முதல் இரைப்பையில் உள்ள நுண்ணுயிர்கள் ஆக்சலேட்டைச் சிதைத்துவிட்ட பிறகுதான் தீவனம் குடலுக்குப் போகிறது. குதிரைக்கு வரிசை தலைகீழ். கால்சியத்தை உறிஞ்சும் சிறுகுடல் முன்னால் வருகிறது, நுண்ணுயிர்கள் வாழும் பெருங்குடல் பின்னால். சிறுகுடலிலேயே ஆக்சலேட் கால்சியத்தைக் கட்டிப் பிடித்துவிடுகிறது, பின்னால் போய் விடுபட்டு என்ன பயன்? கால்சியம் கிடைக்காத உடம்பு எலும்பிலிருந்து எடுத்துக்கொள்ளத் தொடங்கும். மாறி மாறி வரும் நொண்டல், விறைத்த நடை, மெல்லத் தயங்குதல், கடைசியில் முக எலும்பு இரு பக்கமும் உப்புதல் என்று இது போகும். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் கொழுக்கட்டைப் புல் மேய்ச்சலில் விட்ட குதிரைகளுக்கு இது வந்து, அங்கேதான் இதைப் பற்றி விரிவாக ஆராய்ந்தார்கள்.

இதோடு தவிடும் சேர்ந்தால் நிலைமை இன்னும் மோசம். தவிட்டில் பாஸ்பரஸ் மிகுதி, கால்சியம் சொற்பம். நேப்பியரும் தவிடும் ஒரே தொட்டியில் என்பது நம் ஊரில் மிகச் சாதாரணமான காட்சி. குதிரைக்கு இதைவிட மோசமான சேர்மானம் அபூர்வம். கொழுத்த குதிரை விறைத்து நடந்தால் எல்லோரும் குளம்பைத்தான் சந்தேகிப்பார்கள், எலும்பில் கால்சியம் குறைந்ததை யாரும் நினைப்பதில்லை. தவிட்டை நிறுத்தச் சொன்னதற்கு இதுவும் காரணம்.

அப்படியானால் எது நல்லது? எனக்கு முதல் தேர்வு அருகம்புல். வரப்பிலும் தோப்பிலும் தானாக வளரும் அதே அருகம்புல்தான். சர்க்கரை குறைவு, நேப்பியரோடு பார்த்தால் ஆக்சலேட் மிகக் குறைவு, தண்டு மெல்லியது, மெல்ல நேரம் பிடிக்கும். அமெரிக்காவின் தென்மாநிலங்களில் உடம்பு போடும் குதிரைக்கு இதே இனப் புல்லைத்தான் காயவைத்துக் கொடுக்கிறார்கள். ஒரே குறை, மிக மெல்லிய தண்டு என்பதால் தண்ணீர் குறைவாகக் குடிக்கும் குதிரைக்குச் சிறுகுடலின் முடிவில் அடைத்துக்கொள்ள வாய்ப்புண்டு. தண்ணீர்த் தொட்டி எப்போதும் நிறைந்திருந்து, வேறொரு புல்லும் கலந்திருந்தால் அந்தப் பயம் குறையும். களைக்கொல்லி அடித்த வரப்பிலிருந்து மட்டும் அறுக்காதீர்கள். இரண்டாவது தேர்வு ரோட்ஸ் புல். வளைகுடா நாடுகளில் குதிரை லாயங்கள் பெரும்பாலும் இதை நம்பியே நடக்கின்றன. ஆக்சலேட் குறைவு, உலர்த்துவதும் சுலபம். கால் ஏக்கரில் போட்டுவிட்டால் ஒரு குதிரைக்குத் தாராளம்.

எந்தப் புல்லானாலும் முற்றவிட்டு அறுங்கள். பூ எடுத்து விதை கட்டத் தொடங்கிய புல்லில் நார் கூடிச் சக்தி குறைந்திருக்கும். நேப்பியர் வகையில் ஆக்சலேட்டும் இளந்தளிரில்தான் அதிகம், முற்ற முற்றக் குறையும். பால்மாட்டுக்கு 45 நாளில் அறுப்பது சரி, குதிரைக்கு இன்னும் சில வாரம் விடலாம். ஆனால் தண்டு மூங்கில் போல ஆகும் வரை விட்டால் பல்லும் போகும், குடலும் அடைக்கும்.

வைக்கோல் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பிரிட்டனில் கோதுமை, பார்லி வைக்கோலைத் தீவனத்தில் பாதி வரை கலந்து மட்டக்குதிரைகளை வெற்றிகரமாக இளைக்க வைத்திருக்கிறார்கள். நம் நெல் வைக்கோல் அதே மாதிரி இல்லை. அதில் சிலிக்கா அதிகம், ஆக்சலேட்டும் கொஞ்சம் உண்டு, புரதம் மிகச் சொற்பம். அதனால் கால் பங்குக்கு மேல் போக வேண்டாம் என்பது என் கருத்து. வெறும் வைக்கோலில் மட்டும் கட்டி வைத்தால் இரைப்பைப் புண்ணும் குடலடைப்பும் வரும். கால் பங்கையும் இரண்டு வாரத்தில் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுங்கள். போரின் அடியில் கறுத்து நாறும் வைக்கோலை மாட்டுக்கே போடக் கூடாது, குதிரையின் நுரையீரலுக்கு அந்தப் பூஞ்சணம் விஷம். யூரியா தெளித்துப் பதப்படுத்திய வைக்கோல் மாட்டுக்கானது, லாயத்துக்குள் வரவே கூடாது.

கொங்குப் பக்கத்தில் எல்லார் வீட்டிலும் இருப்பது சோளத்தட்டு. பச்சைச் சோளத்தைக் குதிரைக்குப் போடவே போடாதீர்கள். அதில் உள்ள சயனைடு மாட்டை உடனே சாய்க்கும், குதிரையை மெதுவாகக் கெடுக்கும். பின்னங்கால் தள்ளாடும், சிறுநீர் கட்டுப்பாடின்றி ஒழுகித் தொடை புண்ணாகும், பெரும்பாலும் அது திரும்பக் குணமாவதில்லை. நன்றாகக் காய்ந்த தட்டில் ஆபத்து குறைவுதான். இருந்தாலும் கம்பந்தட்டு கிடைக்கும் இடத்தில் சோளத்தட்டு எதற்கு? கம்பில் அந்த விஷம் கிடையாது. பிளாஸ்டிக் சுற்றிய மக்காச்சோள ஊறுகாய்ப் புல் மாட்டுப் பண்ணைக்கு நல்லது, உடம்பு போட்ட குதிரைக்கு அதன் மாவுச்சத்து ஆகாது. வெளிமாநிலத்திலிருந்து வரும் ஓட்ஸ் உலர்புல்லைக் காசு அதிகம் என்பதாலேயே உசத்தி என்று நினைக்கிறார்கள். உலர்புல் வகைகளில் சர்க்கரையும் மாவுச்சத்தும் கூடுதலாக இருக்கக்கூடியது அதுதான். பந்தயக் குதிரைக்குப் பொருந்தும், உங்கள் குதிரைக்குப் பொருந்தாது. சவுண்டல் தழையைத் தொடர்ந்து போட்டால் பிடரியும் வாலும் முடி கொட்டும், அதையும் விட்டுவிடுங்கள்.

குதிரை மசால் என்ற பயறுவகைத் தீவனப்பயிரைப் பொறுத்தவரை இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது. சக்தி அதிகம் என்பதால் வயிறு நிறையப் போட முடியாது. ஆனால் கால்சியமும் தரமான புரதமும் அதில் நிறைய. நம் புல்லின் குறையைச் சரிக்கட்ட ஆறில் ஒரு பங்கு அளவுக்குக் காய்ந்த மசால் சேர்ப்பது மிகவும் நல்லது. கிடைக்காவிட்டால் கடலைக்கொடி போடலாம், வேரில் ஒட்டிய மண்ணை நன்றாக உதறி. மண் வயிற்றில் சேர்ந்தால் வயிற்றுவலி வரும்.

உங்கள் குதிரைக்கு நான் போடச் சொல்வது இப்படி இருக்கும்: காய்ந்த அருகம்புல் அல்லது ரோட்ஸ் புல் 3 கிலோ, வைக்கோல் 1 கிலோ, காய்ந்த மசால் முக்கால் கிலோ. உலர் எடையில் கிட்டத்தட்ட 4.3 கிலோ வரும். புரதத்தைக் கூட்டிப் பார்த்தால் 350 கிராம் பக்கம் நிற்கிறது, 290 கிலோ குதிரைக்குத் தேவை ஏறக்குறைய 365. சோயாப் புண்ணாக்கு 100 கிராம் சேர்த்தால் சரியாகிவிடும். கடலைப் புண்ணாக்கில் பூஞ்சண நச்சு வரும் பயம் இருப்பதால் இங்கே சோயாவே மேல். கல்லுப்பு 25 கிராம், குதிரைக்கான தாது உப்புக் கலவை பையில் போட்டிருக்கும் அளவுப்படி. சத்துக் குறைந்த புல்லில் செம்பும் துத்தநாகமும் போதாது, அவை இல்லாமல் குளம்பு நன்றாக வளராது.

வேறு வழியில்லை, கோ-4 மட்டும்தான் இருக்கிறது என்றால் அதையும் சமாளிக்கலாம், கால்சியக் கணக்கோடு. 3 கிலோ உலர் எடை நேப்பியரில் 2.5 சதவீதம் ஆக்சலேட் இருந்தால் 75 கிராம். தீவனத்தில் உள்ள மொத்தக் கால்சியம் அதில் பாதியாவது, அதாவது 37 கிராமாவது இருக்க வேண்டும். புல்லிலேயே வருவது 12 கிராம் அளவுக்குத்தான். முக்கால் கிலோ மசால் இன்னொரு 9 கிராம் தரும். மீதியைச் சுண்ணாம்புத் தூளும் டைகால்சியம் பாஸ்பேட்டும் கலந்து ஈடுகட்ட வேண்டும். இந்த எண்கள் உதாரணத்துக்குத்தான். உங்கள் புல்லில் எவ்வளவு என்பதைச் சோதித்துப் பார்த்து மருத்துவரோடு முடிவு செய்யுங்கள். நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் தீவனப் பகுப்பாய்வுக் கூடம் இருக்கிறது, ஈரோட்டிலிருந்து அதிக தூரமில்லை.

போடும் விதமும் முக்கியம். 4.8 கிலோ புல்லை மொத்தமாகக் கொட்டினால் சில மணி நேரத்தில் முடித்துவிட்டு மறுபடி மரத்தைக் கடிக்கும். நாலைந்து முறையாகப் பிரித்து, பெரிய பங்கை இரவுக்கு வையுங்கள். சிறு கண் உள்ள நைலான் வலைப் பையில் திணித்துக் கட்டினால் ஒவ்வொரு இணுக்காக இழுத்துத் தின்ன வேண்டியிருக்கும், ஒரு மணி நேரத் தீனி இரண்டு மணி நேரம் வரை நீளும். லாடம் கட்டிய குதிரை என்றால் கால் மாட்டாத உயரத்தில் கட்டுங்கள். பசும்புல்லைக் கருவியில் பொடியாக நறுக்கிப் போடும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள். நறுக்கியதை அள்ளி விழுங்கிவிடும். முழுசாகப் போட்டால் நின்று மெல்லும்.

புல்லைத் தண்ணீரில் ஊறவைத்தால் சர்க்கரை கரைந்து போகும் என்பது உண்மை. குளிர்நாடுகளில் இரவு முழுக்க ஊறவைப்பார்கள். நம் வெயிலில் அப்படிச் செய்தால் புளித்து நுரைத்துவிடும். நிழலில் அரை மணி, மிஞ்சினால் ஒரு மணி நேரம், உடனே வடித்துப் போட்டுவிட வேண்டும். அந்தத் தண்ணீரைக் குதிரைக்குக் காட்டக் கூடாது. இன்சுலின் கோளாறு உறுதியான குதிரைக்கு இது தேவை, மற்றபடி கட்டாயமில்லை.

மேய்ச்சலுக்கு விடுவதாக இருந்தால் விடியற்காலையில் விட்டு ஒன்பது மணிக்குள் திரும்பக் கட்டுங்கள். வெயிலில் புல் சர்க்கரையைச் சேர்த்துக்கொண்டே போகும், சாயங்காலத்தில் உச்சத்தில் இருக்கும், இரவில் வளர்ச்சிக்குச் செலவழித்துவிடும். மலைப்பகுதியில் உறைபனி விழும் மார்கழி, தையில் மட்டும் இந்தக் கணக்கு மாறும். குளிரில் புல் வளராமல் நின்றுவிடுவதால் காலையிலும் சர்க்கரை அப்படியே இருக்கும். கொஞ்ச நேரம்தானே விடுகிறோம் என்றும் நினைக்காதீர்கள். கட்டி வைத்திருந்து அவிழ்த்துவிட்ட மட்டக்குதிரை மூன்று மணி நேரத்தில் ஒரு நாள் தீனியில் பாதியைக்கூட மேய்ந்துவிடும்.

புதுத் தீவனத்துக்குப் பத்திலிருந்து பதினான்கு நாளில் மாற்றுங்கள், கொள்ளை மட்டும் நான்கைந்து நாளில் நிறுத்திவிடலாம். குளம்பு சரியாக இருந்தால் தினம் அரை மணி நேரம் வேகநடை நடத்துங்கள். டேப் அளவை வாரம் ஒரு முறை, ஒரே கிழமையில், காலைத் தீவனத்துக்கு முன் எடுத்துச் சுவரில் எழுதி வையுங்கள். வாரத்துக்கு உடல் எடையில் அரை முதல் ஒரு சதவீதம் இறங்கினால் போதும், இதற்கு ஒன்றரை முதல் மூன்று கிலோ. பிடரிக் கொழுப்பு கடைசியில்தான் கரையும், அதை மட்டும் பார்த்துச் சலித்துவிடாதீர்கள். ஆறு வாரம் ஆகியும் நெஞ்சளவு அசையவில்லை என்றால் தீவனத்தை மேலும் வெட்டாமல் ரத்தத்தில் இன்சுலினைப் பார்க்கச் சொல்லுங்கள். இடையில் எப்போதாவது அது தீவனத்தை முகர்ந்து பார்த்துவிட்டு ஒதுங்கினால் அன்றைக்கே மருத்துவரைக் கூப்பிட வேண்டும், இளைக்கும் குதிரை தீனியை மறுப்பது சாதாரண விஷயமே இல்லை.